துளை விழுந்த பலகையும் தூக்கி எறியாத மனமும்





சென்ற மாதம் ஒரு சகோதரியிடமிருந்து கடிதம் வந்தது. தன் உம்மாவின் காலத்து அலுமாரி ஒன்றைப் பிரித்து, அந்தப் பலகைகளைக் கொண்டு பிள்ளைகளுக்குப் புத்தக இறாக்கை செய்யப்போகிறாராம். "பலகை இரும்பு மாதிரி இருக்கிறது. ஆனால் ஆணி பிடுங்கிய துளைகளும் சின்னச் சின்னப் பூச்சித் துளைகளும் முகம் முழுக்க இருக்கின்றன. வார்னிஷ் அடித்தால் இன்னும் எடுப்பாகத் தெரியுமே, என்ன செய்வது?" என்று கேட்டிருந்தார்.

மௌலவியிடம் கேட்கும் கேள்வியா இது என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் என் வாப்பா ஓர் ஓடாவி. அரபுக் கல்லூரி விடுமுறைகளில் நான் கிதாபை மூடிவிட்டு அவருடைய பட்டறையில் சேண்ட் பேப்பர் தேய்த்துத்தான் வளர்ந்தேன். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. இதே வேலையை அண்மையில் எங்கள் குடும்பத்திலும் செய்தோம். அதில் நான் பிழைவிட்டேன். அந்தப் பிழையோடு சேர்த்துச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

ஒரு கதவின் கதை

1978 நவம்பரில் மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய சூறாவளியை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தக் காற்றில் எங்கள் வளவில் நின்ற வேம்பு சாய்ந்தது. வாப்பா அதை அறுப்பித்துக் காயவைத்து, நான்கு பலகைகளைச் சேர்த்து, பின்புறம் சட்டம் அடித்து, வீட்டுக்கு முன்கதவு செய்தார். நான் பிறந்ததும் வளர்ந்ததும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. வீடு போனது. மூன்று நாட்களுக்குப் பிறகு, ஊருக்குள்ளே ஒரு மதிலோடு சாய்ந்து கிடந்த கதவை வாப்பாதான் அடையாளம் கண்டார். நல்ல தண்ணீரால் கழுவி, ராத்தாவின் வீட்டுக் குசினிக்குப் பின்னால் சாத்திவைத்தார். வாப்பா மௌத்தான பிறகும் அது அங்கேயே நின்றது. கோழிக்கூட்டுக்கு மறைப்பாகவும், விறகுக்குக் கூரையாகவும் பல வருடங்கள்.

ராத்தாவின் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தபோது தளபாடப் பேச்சு வந்தது. கடையில் சாப்பாட்டு மேசையும் கதிரைகளும் தவணைக்கு எடுக்கலாம் என்றார்கள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எங்கள் வீடுகளில் தவணை என்ற சொல்லுக்கு என்ன பாரம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அந்த நேரத்தில் மருமகளே கேட்டாள்: "மாமா, மூத்தாப்பாட கதவுல ஒரு மேசை செய்ய ஏலாதா?"

ராத்தாவுக்கு மனம் ஒப்பவில்லை. கடைசியில் அரை மனத்தோடு சம்மதித்தார். ஆனால் என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு நிபந்தனை போட்டார்: "தம்பி, ஓட்டையெல்லாம் தெரியாம அடைச்சித் தா. மாப்புள ஊட்டார் பழசு எண்டு கண்டா என்ன நினைப்பாங்க?"

கல்யாணத்துக்கு ஏழு வாரங்கள் இருந்தன.

முதலில் பலகையைப் படியுங்கள்

துளையைக் கண்டவுடன் அடைக்கக் கை துடிக்கும். பொறுங்கள். பழைய பலகையில் உள்ள துளைகள் எல்லாம் ஒரு சாதி அல்ல. எது எந்தத் துளை என்று தெரிந்தால்தான் மருந்தும் தெரியும்.

பலகையைத் தூசி தட்டி, ஈரத்துணியால் துடைத்து, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் சில வாரங்கள் இருக்கவிடுங்கள். வெளியே கிடந்த மரம் ஈரம் குடித்திருக்கும். ஈரமான பலகையில் துளையை அடைத்தால், மரம் காய்ந்து சுருங்கும்போது அடைத்தது பிளந்து நிற்கும். எங்கள் பகுதியில் மாரி மழை நேரத்தில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

அடுத்தது ஆணி. வெளியே தெரியும் ஆணியைக் குறட்டால் பிடுங்கலாம். தலை முறிந்து உள்ளே ஒளிந்திருக்கும் ஆணிதான் ஆபத்து. அது சீவுளியின் அலகை உடைக்கும், கையைக் கிழிக்கும். உடைந்த வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியில் உள்ள காந்தத்தை எடுத்து நூலில் கட்டிப் பலகைக்கு மேலே மெதுவாகக் கொண்டுபோங்கள். ஆணி இருக்கும் இடத்தில் காந்தம் இழுபடும். பிடுங்கவே முடியாத ஆணியை, இன்னோர் ஆணியை அதன்மேல் வைத்துத் தட்டி, மேற்பரப்புக்குக் கீழே இறக்கிவிட்டு அடைக்கலாம்.

ஆணித் துளையைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருக்கும். அது அழுக்கு அல்ல. சாயத் தேநீரில் துருப்பிடித்த ஆணியைப் போட்டால் தேநீர் கறுத்துப்போகும் அல்லவா? மரத்தில் உள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் அதே கறுப்புத்தான். தேய்த்தால் கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது. அதைப் போக்க ஒக்ஸாலிக் அமிலம் பாவிப்பார்கள். அது நஞ்சு. பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை வாங்கி வைக்காமல், தேவையானால் ஓடாவியிடமே விட்டுவிடுங்கள்.

கதவில் இருந்த துளைகளை நான் பென்சிலால் வட்டமிட்டு எண்ணினேன். மொத்தம் 71. அவற்றில் ஆணித் துளைகள் 46. பிணைச்சல் பூட்டிய ஸ்குரூத் துளைகள் 12. தாழ்ப்பாளும் கொண்டியும் இருந்த பெரிய துளைகள் 4. மீதி ஒன்பதும் ஊசி முனை அளவான பூச்சித் துளைகள்.

துளைக்குள்ளே உயிர் இருக்கிறதா?

அந்த ஒன்பதும்தான் என்னை யோசிக்கவைத்தன.

ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர் அகலமான வட்டத் துளை, அதிலிருந்து கோதுமை மாவைப் போன்ற மெல்லிய தூள் கொட்டினால், அது மரம் துளைக்கும் வண்டின் வேலை. வண்டு வெளியே வந்த வழிதான் நாம் காணும் துளை. உள்ளே அதன் புழுக்கள் இன்னும் பல மாதங்கள் தின்றுகொண்டிருக்கலாம். தூளுக்குப் பதிலாகக் கசகசாவைப் போன்ற சிறு மணிகள் கொட்டினால், அது காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் கறையான். மண் பூசிய பாதை தெரிந்தால் நிலத்திலிருந்து ஏறும் கறையான்.

உயிர் இருக்கிறதா என்று அறிய ஒரு சுலபமான வழி: துளைகளைச் சுற்றிச் சோக்கால் வட்டமிடுங்கள். பலகையைத் தட்டிப் பழைய தூளையெல்லாம் உதிர்த்துவிட்டு, துளைகள் கீழே பார்க்கும்படி வைத்து, அடியில் கறுப்புத் துணியை விரியுங்கள். அபாயா தைத்த மிச்சத் துணி இல்லாத வீடு எது? ஒரு வாரம், இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். துணியில் புதிய தூள் விழுந்தாலோ, வட்டமிடாத புதிய துளை தோன்றினாலோ உள்ளே உயிர் இருக்கிறது. எதுவும் விழாவிட்டாலும் முழு நம்பிக்கை வைக்காமல், அந்த வருடம் முழுக்க இடைக்கிடை பாருங்கள்.

எட்டாம் நாள் ராத்தா துணியைக் காட்டினார். இரண்டு இடங்களில் வெள்ளைப் பொட்டாய்த் தூள். நான் முதல் நாளே அவசரப்பட்டு எல்லாத் துளைகளையும் அடைத்து, மினுக்கி, புது வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும்? உள்ளே தின்னும் பூச்சியோடு ஒரு மேசையைப் பிள்ளைக்குக் கொடுத்திருப்பேன். அது அங்குள்ள மற்றத் தளபாடங்களுக்கும் பரவியிருக்கும்.

வேம்பின் நடு வைரத்தைப் பூச்சி எளிதில் தொடாது. ஆனால் ஓரத்தில் வெளிறிய நிறத்தில் இருக்கும் வெள்ளைப் பகுதியில் மாச்சத்து இருக்கிறது. வண்டு அதைத்தான் தேடுகிறது. எங்கள் கதவிலும் துளைகள் ஒன்பதும் ஒரே ஓரத்து வெள்ளையில்தான் இருந்தன. அந்த ஓரத்தை முக்கால் அங்குலம் அறுத்து நெருப்பில் போட்டோம். மிச்சப் பலகைக்கு போரக்ஸும் போரிக் அமிலமும் சேர்ந்த மருந்தைப் பூசிக் காயவிட்டோம். இந்த மருந்து வெற்று மரத்தில்தான் ஊறும். வார்னிஷ் அடித்த பிறகு பூசிப் பயனில்லை. எனவே இதைச் செய்வதானால் அடைப்பதற்கும் மினுக்குவதற்கும் முன்பே செய்யுங்கள். கையுறை போடுங்கள், பிள்ளைகளைத் தூரமாக்குங்கள், தொட்டில் பலகைக்கும் குசினிப் பலகைக்கும் பூசாதீர்கள்.

மண்ணெண்ணெய் ஊற்றுவது நம்மவர்கள் பழக்கம். அது பட்ட பூச்சி சாகும், படாதது பிழைக்கும். மணமும் எண்ணெயும் மரத்தில் நின்று, பின்னால் பசையும் வார்னிஷும் ஒட்டாமல் செய்யும். நெருப்புப் பயமும் உண்டு. அதை விட்டுவிடுங்கள்.

ஒரு சிறிய கத்தி முனையால் துளைகளைச் சுற்றி அழுத்திப் பாருங்கள். கத்தி கேக்கில் இறங்குவதுபோல் இறங்கினால், அந்த இடம் உள்ளே உளுத்துப்போய்விட்டது. அதைப் பூசி மறைப்பதில் அர்த்தமில்லை. வெட்டி எடுத்துவிட்டு நல்ல துண்டு வைக்கவேண்டும்.

பழைய பெயின்ட்: இங்கே விளையாடாதீர்கள்

கதவின் வெளிப்பக்கத்தில் பழைய பச்சை எனாமல் பெயின்ட் இருந்தது. இந்த இடத்தில் தாய்மாரான உங்களிடம் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

முந்திய காலப் பெயின்ட்களில் ஈயம் சேர்ப்பது சாதாரணம். இலங்கையில் பெயின்ட்டில் ஈயத்தின் அளவுக்குச் சட்டரீதியான எல்லை நடைமுறைக்கு வந்தது 2013ஆம் ஆண்டில்தான். அதற்கு முந்திய பெயின்ட்டைக் காய்ந்தபடி தேய்த்தால் ஈயத் தூள் காற்றில் பறந்து, தரையில் படிந்து, தவழும் பிள்ளையின் கை வழியாக வாய்க்குள் போகும். வளரும் மூளையை ஈயம் பாதிக்கிறது. இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதிப்பில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு.

ஆகவே பழைய பெயின்ட் உள்ள பலகையை வீட்டுக்குள் தேய்க்காதீர்கள். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் பக்கத்தில் வரக்கூடாது. நெருப்புக் காட்டி உரிக்கவும் கூடாது. புகையோடு நஞ்சு வரும். வெளியே பிளாஸ்டிக் விரித்து, தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்துக்கொண்டே சுரண்டுங்கள். முகக்கவசம் கட்டுங்கள். சுரண்டியதைக் கட்டிக் குப்பைக்குக் கொடுங்கள். கிணற்றடியிலும் மரக்கறித் தோட்டத்திலும் கொட்டாதீர்கள். போட்டிருந்த உடுப்பைத் தனியே கழுவுங்கள். இவ்வளவும் செய்ய வசதி இல்லையென்றால் அந்தப் பக்கத்தைத் தேய்க்கவே வேண்டாம்.

பள்ளம் வேறு, துளை வேறு

சில இடங்களில் மரம் குழிந்திருக்கும், ஆனால் நார் அறுந்திருக்காது. சுத்தியல் பட்ட இடம், பாரம் விழுந்த இடம் அப்படித்தான். இதை அடைக்கத் தேவையில்லை. நனைத்த துணியை அந்தப் பள்ளத்தின்மேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியைச் சில விநாடிகள் அழுத்துங்கள். நீராவி உள்ளே போக, நசுங்கிய நார் ஊதி மேலே வரும். இரண்டு மூன்று முறை செய்தால் பெரும்பாலும் சமமாகிவிடும். நார் அறுந்த இடம் மட்டும் இதற்கு மசியாது.

அடைக்கும் முறை

முதலில் 80ஆம் இலக்கச் சேண்ட் பேப்பராலும் பிறகு 120ஆம் இலக்கத்தாலும் மரத்தின் ரேகை ஓடும் திசையில் தேயுங்கள். இலக்கம் கூடக்கூடத் தாள் மென்மையாகும். 120இல் தேய்க்கும்போது வரும் மெல்லிய தூளை ஒரு போத்தலில் சேர்த்துவையுங்கள். அதே பலகையின் தூள்தான் அதே பலகைக்கு நல்ல மருந்து. வாளால் அறுத்த தூள் கரடுமுரடானது, அது வேண்டாம். அறுத்துக் கழித்த துண்டுகளையும் எறியாதீர்கள்.

இனி நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். தூளை வெள்ளைப் பசையில் குழைத்து 46 ஆணித் துளைகளிலும் விரலால் அப்பினேன். காய்ந்ததும் தேய்த்தேன். கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. சாயம் பூசி, சீலர் அடித்தபோதுதான் உண்மை தெரிந்தது. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் தேமல் படர்ந்ததுபோல வெளிறிய வட்டம்! விரலால் அப்பியபோது சுற்றிலும் பரவிய பசை மரத்தின் கண்களை மூடிவிட்டது. அந்த இடங்களில் சாயம் ஊறவில்லை. நடுவில் அடைத்த இடமோ கறுத்துக் கிடந்தது. வாப்பா இருந்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் சேண்ட் பேப்பரை என் கையில் கொடுத்திருப்பார். முழுப் பலகையையும் மறுபடி தேய்த்தோம். ஏழு வாரத்தில் ஒன்றரை வாரம் அதற்கே போனது.

இரண்டாம் முறை செய்தது இது:

சின்ன ஆணித் துளைகள்: துளையைச் சுற்றி செலோடேப் ஒட்டி, துளை இருக்கும் இடத்தை மட்டும் கத்தி முனையால் திறந்துவிட்டோம். மரத்தூளைப் பசைக்குப் பதிலாக சீலரில் குழைத்தோம். பதம், இடியப்ப மாவின் பதம். ஈர்க்கால் துளையின் அடிவரை அழுத்தி நிரப்பினோம். காய்ந்தால் அது சுருங்கும். ஆகவே ஆழமான துளையை ஒரே தடவையில் அடைக்காமல் இரண்டு மூன்று தடவையில், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு நிரப்பவேண்டும். கடைசித் தடவையில் மேற்பரப்பைவிடக் கொஞ்சம் உயர்த்தி விட்டு, காய்ந்ததும் டேப்பை உரித்து, 180ஆம் இலக்கத்தால் சமமாக்குங்கள். சீலரும் தின்னரும் நெருப்புப் பிடிக்கும் பொருட்கள். குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இந்த வேலை வேண்டாம். யன்னல்கள் திறந்திருக்கட்டும்.

நிறம்: அடைக்கும் கலவையின் நிறத்தைக் காய்ந்த மரத்தோடு ஒப்பிடாதீர்கள். பலகையை ஈரத்துணியால் துடையுங்கள். நனைந்த மரத்தின் நிறம்தான் ஏறத்தாழ வார்னிஷ் அடித்த பிறகு வரும் நிறம். அதோடு ஒப்பிடுங்கள். ஐமிச்சமாக இருந்தால் ஒரு சொட்டுக் கடும் நிறத்தின் பக்கம் போங்கள். பலாவைப் பாருங்கள், அறுத்த புதிதில் மஞ்சள், காலம் போகப்போகக் கபிலம். மரம் நிறம் மாறும்போது அடைத்தது அப்படியே நிற்கும். வெளிறிய புள்ளி கண்ணைக் குத்தும். கடும் புள்ளி மரத்தின் கணுவைப்போல ஒதுங்கிவிடும்.

பெரிய வட்டத் துளைகள்: கால் அங்குலத்துக்கு மேற்பட்டதைத் தூளால் நிரப்பாதீர்கள், விழுந்துவிடும். மரக்கட்டை வைத்து அடைக்கவேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. உருண்டைக் குச்சியை வெட்டி இறக்கினால் குச்சியின் வெட்டுமுகம் மேலே வரும். அது வார்னிஷை உறிஞ்சிக் கறுத்த பொட்டாகத் தெரியும். கழித்த துண்டின் முகத்திலிருந்து கட்டையை வெட்டி, அதன் ரேகையும் பலகையின் ரேகையும் ஒரே திசையில் ஓடும்படி இறக்கினால், தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். துளையை ட்ரில்லால் சுத்தமான வட்டமாக்குவதையும் கட்டை வெட்டுவதையும் ஓடாவியிடம் கொடுங்கள். பசை தடவி இறக்கி, காய்ந்த பிறகு மேலே நிற்பதைச் சீவித் தேய்ப்பதை நீங்களே செய்யலாம்.

ஸ்குரூத் துளைகள்: அலுமாரிக் கதவு தொங்குகிறது, பிணைச்சலின் ஸ்குரூ சுழன்றுகொண்டே இருக்கிறது என்ற முறைப்பாடு இல்லாத வீடு குறைவு. துளை பெருத்துவிட்டதுதான் காரணம். மரத்தூள் கலவை ஸ்குரூவைப் பிடிக்காது. நெருப்புக் குச்சிகளின் மருந்துத் தலையை முறித்துவிட்டு, குச்சிகளில் வெள்ளைப் பசை தடவி, துளை இறுகும்வரை சொருகுங்கள். ஒரு நாள் காயவிட்டு, வெளியே நிற்பதை வெட்டிவிட்டு, நடுவில் சின்ன ஆணியால் வழி செய்து ஸ்குரூவை முறுக்குங்கள். மூங்கில் சீவலும் நல்லது. இதற்கு ஓடாவி தேவையே இல்லை.

மெழுகுதிரி, சவர்க்காரம்: இவற்றால் துளையை அடைத்து, பிறகு வார்னிஷ் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். மெழுகின்மேல் வார்னிஷ் ஒட்டாது. சில மாதங்களில் உரிந்துவரும். மெழுகு பாவிப்பதானால் எல்லாப் பூச்சும் முடிந்து காய்ந்த பிறகு, தப்பிப்போன ஊசித் துளைகளுக்கு மட்டும், மரத்தின் நிறம் கலந்து பாவியுங்கள்.

கடைசியாக 240ஆம் இலக்கத்தால் மெதுவாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, பலகையின் அடிப்பக்கத்தில் ஓர் இடத்தில் வார்னிஷைப் பரீட்சித்துப் பார்த்துவிட்டே மேல்முகத்தில் கை வையுங்கள். மழை பெய்யும் நாளில் பொலிஷ் அடிக்காதீர்கள். காற்றில் உள்ள ஈரம் பூச்சில் சிக்கிப் பால் படர்ந்ததுபோல வெளுத்துவிடும். வார்னிஷுக்குப் பதிலாக லின்சீட் எண்ணெய் பூசுபவர்கள், எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது. வெளியே விரித்துக் காயவைத்தே எறியுங்கள்.

ராத்தாவின் நிபந்தனை

மேசை முடிந்தது. கால்களை ஊர் ஓடாவி ஒருவர் செய்துகொடுத்தார். 71 துளைகளில் 70 இல்லாமல் போயின. ஒன்பது நெருப்போடு, மற்றவை அடைபட்டு. மீதி ஒன்று தாழ்ப்பாள் துளை. அதற்கும் கட்டை வெட்டி வைத்திருந்தேன். பசை தடவும் நேரத்தில் உம்மா வந்தார். எழுபது தாண்டிய உம்மா, கண் பார்வையும் மட்டு. பலகையை விரலால் தடவிக்கொண்டே போய் அந்தத் துளையில் விரலை வைத்தார். "இதுக்குள்ளால எட்டிப் பாத்துத்தான் ஒங்கட வாப்பாவுக்குக் கதவு துறப்பன்" என்றார். நான் கட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ராத்தா கோபித்தார். நான் அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பழுதைத் திருத்துவது வேறு, பழுதை மறைப்பது வேறு. துளையை அடைப்பது மரம் பிளக்காமல், பூச்சி நுழையாமல், ஊத்தை சேராமல், துணி சிக்காமல் இருப்பதற்காக. பார்ப்பவரை ஏமாற்றுவதற்காக அல்ல. பழைய தளபாடத்தைத் திருத்தி விற்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இது பழைய மரம், இந்த இடத்தில் கட்டை வைத்திருக்கிறது, இந்த ஓரத்தில் பூச்சி இருந்து மருந்து பூசியது என்று வாங்குபவரிடம் சொல்லிவிடவேண்டும். குறையை மறைத்து விற்பதை மார்க்கம் தடுத்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. விற்பனைக்கு உள்ள நேர்மை சம்பந்தத்துக்கும் வேண்டாமா?

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று ராத்தா மேசையின் மேல் பெரிய விரிப்பொன்றை விரித்துவிட்டார். நான் வாய் திறக்கவில்லை. சாப்பாடு முடிந்து விரிப்பை எடுத்தபோது மாப்பிள்ளையின் உம்மா துளையைக் கண்டுவிட்டார். "இது என்ன?" என்று கேட்டார். ராத்தாவின் முகம் சிவந்தது. பிறகு, மறைக்க ஏலாது என்று நினைத்தாரோ என்னவோ, சூறாவளியில் விழுந்த வேம்பிலிருந்து கடலில் போய் வந்த கதவுவரை அவரே எல்லாவற்றையும் சொன்னார்.

அந்தத் தாய் கொஞ்ச நேரம் மேசையைத் தடவிக்கொண்டிருந்தார். அவர்களும் கரையோரத்துக் குடும்பம்தான். "எங்கட ஊட்டுல ஒரு கதவும் மிஞ்சல்ல" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு ராத்தா அந்த மேசைக்கு விரிப்புப் போடவில்லை.

சகோதரிகளே, எல்லாப் பழைய பலகையையும் காப்பாற்ற முடியாது. உளுத்ததை விடுங்கள். ஆனால் கத்தி இறங்காத நல்ல மரம் வீட்டில் இருக்க, நாலு துளைக்காக அதை விறகாக்கிவிட்டு, தண்ணீர் பட்டால் ஊதிப்போகும் அட்டைப் பலகையைக் கடனுக்கு வாங்கும் முன் ஒருமுறை யோசியுங்கள். கடிதம் எழுதிய சகோதரிக்கு என் பதிலும் அதுவே. முதலில் கறுப்புத் துணியை விரியுங்கள். இரண்டு வாரம் பொறுங்கள். பிறகு சேண்ட் பேப்பரைக் கையில் எடுங்கள். உங்கள் உம்மாவின் அலுமாரியில் உங்கள் பிள்ளைகளின் புத்தகங்கள் இருக்கட்டும்.